கரடி மூச்சும் ஒரு பின்வாசலும்

சிட்டாயி என்ற பெருச்சாளிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது ஒரு கால் வாசல் பக்கம் இருக்கும். தூங்கும்போதுகூட மீசை ஆடிக்கொண்டிருக்கும். அவளுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று ஓட்டைமேடு முழுக்கப் பேச்சு.

ஓட்டைமேடு என்பது மலைச்சரிவில் இருந்த பெரிய மண்மேடு. அதன் வயிற்றுக்குள் ஒரு குகை. குகையைச் சுற்றிலும் வளைகள். முயல், முள்ளம்பன்றி, எலி, பெருச்சாளி என்று பல குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. எல்லா வளைக்கும் முன்வாசல் குகைக்குள் திறக்கும். பின்வாசல் வெளியே சரிவில் திறக்கும். முன்வாசலில் பாம்பு எட்டிப் பார்த்தால் பின்வாசல் வழியாக ஓடிவிடலாம். அங்கே வளை தோண்டுகிறவர்கள் முதலில் பின்வாசலைத்தான் தோண்டுவார்கள். முன்வாசல் அப்புறம்தான்.

மார்கழி பிறந்துவிட்டால் அந்தச் சரிவில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்துபோகும். வளைக்குள் சூடு இல்லையென்றால் பிறந்த குட்டிகள் பிழைக்காது. அதனால் தினமும் பொழுது சாய்வதற்குள் நாவல் மரத்தடியில் சூட்டுச் சந்தை கூடும்.

அம்பலம் என்ற ஆமை பகலெல்லாம் பாறைமேல் கிடந்து வெயில் காய்வான். அந்தி நேரத்தில் அவன் ஓடு அடுப்புக் கல் மாதிரி இருக்கும். கூப்பிட்டவர் வளைக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வான். விடியும்வரை கதகதப்பு. ஆனால் மேகம் போட்டால் அன்றைக்கு அவன் வெறும் கல்.

சாணி வண்டு உருண்டையப்பன் யானைச் சாணத்தை உருட்டிக்கொண்டு வருவான். புதுச் சாணம் உள்ளுக்குள் புழுங்கிப் புழுங்கி நல்ல சூடு தரும். நாற்றத்தையும் சேர்த்துத்தான் தரும். செம்பாயி என்ற மலை அணில் இலவம்பஞ்சு கொண்டுவருவாள். வளைக்குள் இருக்கிற சூட்டைப் பஞ்சு பிடித்து வைக்கும். கூடவே பூச்சியும் வரும். குட்டிகள் விடிய விடியச் சொறிந்துகொண்டிருக்கும்.

விலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிழங்கு, இல்லாவிட்டால் ஒரு பிடி நெல்லிக்காய். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

சிட்டாயிக்குச் சந்தை என்றால் உயிர். ஆமையின் ஓட்டைத் தொட்டுப் பார்ப்பாள். சாண உருண்டையில் மூக்கை நுழைத்துப் பார்ப்பாள். பஞ்சை உதறிப் பார்ப்பாள். எல்லாரையும் வாயில் போட்டு அரைத்துவிட்டுத்தான் ஒருவரிடம் வாங்குவாள். மறுநாள் வேறு ஒருவரிடம் போவாள்.

ஒருநாள் உருண்டையப்பன் அவளிடம் ஒரு வேலை செய்தான். காய்ந்துபோன பழைய உருண்டைமேல் புதுச் சாணத்தை மெழுகிக் கொடுத்துவிட்டான். அன்று பாதி ராத்திரியில் வளை சில்லிட்டுவிட்டது. சிட்டாயி சண்டைக்குப் போகவில்லை. நாட்டாமையிடம் முறையிடவும் இல்லை. மறுநாள் அவன் முன்னாலேயே நடந்துபோய் ஆமையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்குமேல் உருண்டையப்பனுக்குத் தாங்கவில்லை. நல்ல உருண்டையாக ஒன்றை அவள் வாசலுக்கே உருட்டி வந்து, "தப்புத்தான் ஆத்தா, இதுக்கு விலை வேண்டாம்," என்று தலையைக் குனிந்து நின்றான்.

சிட்டாயி சிரித்தாள். அவளுக்கு இதுதான் பிடிக்கும்.

எல்லாருக்கும் இது பிடிக்குமா? பக்கத்து வளை முயல் வெள்ளச்சிக்குச் சந்தை என்றாலே தலைவலி. அவள் முகத்தைப் பார்த்தாலே ஏமாற்றலாம் என்று வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

"தினமும் இதே ரோதனையா அக்கா?" என்று ஓர் அந்தியில் அவள் நொந்துகொண்டாள். "எவன் நல்லவன், எவன் ஏமாத்துறவன்னு பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை சுத்துது. ஒரே ஆளு, ஒரே விலைன்னு இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்."

சொன்னது சிட்டாயியிடம். கேட்டுக்கொண்டிருந்தது நாவல் மரத்துக்குப் பின்னால் புற்றைக் கிளறிக்கொண்டிருந்த கரடி.

மறுநாள் பொழுது விடிந்தபோது கரடி கருத்தமுத்து குகை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அலறிக்கொண்டு வளைக்குள் ஓடினார்கள். அவன் யாரையும் துரத்தவில்லை. குகைக்குள் முகத்தை வைத்து ஒரு மூச்சு ஊதினான்.

அடேயப்பா, என்ன மூச்சு அது! புற்றுப் புற்றாக ஊதிக் கரையான் தின்று பழகிய மூச்சு. ஒரே ஊதலில் குகை முழுக்கச் சூடு பரவியது. எலிக் குஞ்சுகள் கால் நீட்டிப் படுத்தன. கிழட்டு முயல்களுக்குக் கண் சொக்கியது.

கரடி தன்மையாகப் பேசினான். இனி யாரும் பொழுது சாயச் சந்தைக்கு அலைய வேண்டாம். பேரம் வேண்டாம், ஏமாற வேண்டாம். பௌர்ணமி வரை சும்மாவே ஊதுவான். அதற்குப் பிறகு வளைக்கு ஒரு கிழங்கு கொடுத்தால் போதும். ஒரே ஒரு சங்கடம்தான்.

"உங்க பின்வாசல் வழியா என் மூச்செல்லாம் வீணாப் போகுது," என்றான். "அதை அடைச்சிருங்க. புற்றுமண் நானே கொண்டாந்து தர்றேன்."

ஓட்டைமேட்டின் நாட்டாமை வேலாண்டி என்ற முள்ளம்பன்றி. நல்லவர்தான். ஆனால் வாரம் முழுக்கச் சந்தை வழக்கைத் தீர்த்துத் தீர்த்து அலுத்துப்போனவர். கரடி சொன்னது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். கரடி கொண்டுவந்து கொட்டிய புற்றுமண்ணைக் குழைத்து, வளை வளையாகப் பின்வாசலை அடைத்தார்கள். வெள்ளச்சி பாட்டுப் பாடிக்கொண்டே அடைத்தாள். புற்றுமண் காய்ந்தால் கல் என்று வளை தோண்டிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அடைத்தார்கள்.

சிட்டாயி மட்டும் அடைக்கவில்லை. மண்ணைக் கையில் எடுப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள். மறுபடி எடுப்பாள்.

வேலாண்டியே அவள் வளைக்கு வந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டு வாசல் இல்லேன்னா கண்ணு மூடாது மாமா," என்றாள் சிட்டாயி.

"உன் கண்ணு மூடறதுக்காக ஊர்ச் சூடு உன் ஓட்டை வழியாப் போகணுமா? அது நியாயமா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஊரார் கிழங்கு கொடுத்து வாங்கும் சூட்டை அவள் வளை குடித்துவிடக் கூடாது. அவள் வளைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு கையிலிருந்த மண்ணை முன்வாசலில் அப்பத் தொடங்கினாள்.

"என்னடி பண்றே?"

"கரடிச் சூடு எனக்கு வேண்டாம் மாமா. குகைப் பக்கம் நான் அடைச்சுக்கிறேன். உங்க சூடு உங்களுக்கு, என் ஓட்டை எனக்கு."

அன்று ஓட்டைமேடே விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டின் முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலில் குடித்தனம் நடத்துகிறவளைப் பார்த்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வெள்ளச்சியும் சிரித்தாள். சிட்டாயிக்கு அதுதான் வலித்தது.

கொஞ்ச நாளில் சிட்டாயிக்குக் குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, மயிர் முளைக்காத, சிவந்த குட்டிகள். அதில் கடைக்குட்டி மற்றவற்றில் பாதிகூட இல்லை. சூடு கொஞ்சம் குறைந்தாலும் அது பால் குடிப்பதை நிறுத்திவிடும். சிட்டாயி அதையே முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவல் மரத்தடியில் சந்தை வெறிச்சோடியது. செம்பாயி பஞ்சை மூட்டை கட்டிக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போய்விட்டாள். ஆமையும் வண்டும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்காக நான் யானை பின்னாலயே ஓடிட்டிருக்க முடியுமா ஆத்தா?" என்றான் உருண்டையப்பன். அவன் கேட்டதிலும் தப்பில்லை. தை பிறக்கும்வரையாவது இருக்கச் சொல்லிச் சிட்டாயி கெஞ்சினாள். கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்தாள். பேரம் பேசாமல் வாங்குவது அவளுக்கு முள்ளை விழுங்குவது போல இருந்தது.

குகைப் பக்கத்துச் சுவர் கரடி மூச்சில் கதகதவென்றிருந்தது. ஒரு விடியற்காலையில் கடைக்குட்டி தானாக ஊர்ந்துபோய் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் சிட்டாயிக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக இந்த வீம்பு? பெற்ற குட்டியைவிட ஓர் ஓட்டை பெரிதா? அவள் சுவரில் பல்லை வைத்துவிட்டாள். கொஞ்சம் மண்ணும் உதிர்ந்தது. அப்போது பின்வாசல் வழியாக ஒரு காற்று வந்து அவள் வாலைத் தொட்டது. அவளால் அதற்குமேல் கடிக்க முடியவில்லை. குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பௌர்ணமி கழிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுவர் வழியாக வெள்ளச்சி சொல்லித்தான் சிட்டாயிக்குத் தெரியும். கரடி முதலில் ஒரு கிழங்கு வாங்கினான். பிறகு மார்வலி என்று சொல்லி இரண்டாக்கினான். பிறகு நெல்லிக்காயும் சேர்த்துக் கேட்டான். மூச்சு மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. முன்பு அடிவயிற்றிலிருந்து ஊதியவன் இப்போது கொட்டாவி விடுகிற மாதிரி ஊதினான். யாராவது முணுமுணுத்தால், "பிடிக்கலேன்னா வேற ஆளைப் பாருங்க," என்பான். வேறு ஆள் எங்கே? அப்படியே இருந்தாலும் உள்ளே வர வழி எங்கே? குகை வாசலில் அவன் முதுகுதான் இருந்தது.

பிறகு மேகம் வந்தது. நாள் முழுக்க மூடுபனி. பாறையில் வெயிலே விழவில்லை. அம்பலத்தின் ஓடு ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. சிட்டாயியிடம் இருந்தது ஒரே ஒரு சாண உருண்டை.

அன்றைக்கென்று பார்த்துக் கரடி ஊதுவதையே நிறுத்திவிட்டான். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த கிழங்கு அத்தனையும் வாசலுக்கு வந்தால்தான் இனி மூச்சு என்றான். கொடுத்தால் பசியில் சாக வேண்டும். கொடுக்காவிட்டால் குளிரில் சாக வேண்டும். வேலாண்டி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போய் முட்டிப் பார்த்தார். அவன் அடர்ந்த மயிரில் முள் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம். எல்லாரும் அவரவர் பின்வாசலுக்கு ஓடினார்கள். தாங்களே பூசிய புற்றுமண்ணைப் பிறாண்டினார்கள். நகம் உடைந்தது. மண் உதிரவில்லை.

சிட்டாயியின் சுவரில் யாரோ சுரண்டினார்கள்.

"அக்கா," என்றாள் வெள்ளச்சி. "என் சின்னவன் கையைக் காலை அசைக்க மாட்டேங்கிறான் அக்கா."

அன்னைக்கு நீயும்தானேடி சிரிச்சே என்று கேட்கச் சிட்டாயிக்கு நாக்கு துடித்தது. குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே உருண்டையைச் சுற்றி அவை குவிந்து கிடந்தன. கடைக்குட்டியின் வயிறு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்தால் உள்ளே இருக்கிற கொஞ்சச் சூடும் குகைக்குப் போய்விடும். அது நிச்சயம். அங்கே ஓடினாள், இங்கே ஓடினாள். இப்படி ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் குட்டி சாகும் என்று தோன்றியதும் சட்டென்று நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படி நின்றதில்லை.

"தள்ளி நில்லு," என்று சொல்லிவிட்டுச் சுவரைக் கடிக்கத் தொடங்கினாள்.

இந்தப் பக்கம், முன்பே கடித்து மெலிந்த இடத்தில் அவள் பல். அந்தப் பக்கம் ஓடிவந்து சேர்ந்த வேலாண்டியின் நகம். சுவர் உடைந்தபோது சிட்டாயியின் வாயெல்லாம் ரத்தம். குகைக் குளிர் குபீரென்று உள்ளே வந்தது. அதோடு வெள்ளச்சியும் வந்தாள். தன் குட்டியை உருண்டையோரம் வைத்துவிட்டு, சிட்டாயியின் குட்டிகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். முயல் மயிருக்குள் கடைக்குட்டி காணாமல் போய்விட்டது.

சிட்டாயி பின்வாசல் வழியாகப் பாய்ந்து நாவல் மரத்தடிக்கு ஓடினாள். நல்லவேளை, ஆமையும் வண்டும் அங்கேதான் இருந்தார்கள். ஊருக்கே சூடு வேண்டும் என்றதும் உருண்டையப்பன் சொந்தபந்தம் அத்தனையையும் கூப்பிட்டுக்கொண்டு யானைத் தடத்துக்குப் பறந்தான். அம்பலத்துக்கு அன்று ஓட்டில் சூடு இல்லை. ஆனால் முதுகு இருந்தது. வண்டுகள் உருட்டித் தந்த உருண்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் சரிவுக்கும் வளைக்குமாக நடந்தான். ஆமை அவ்வளவு வேகமாக நடந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சிட்டாயியின் பின்வாசல் வழியாக உள்ளே போன உருண்டைகள் குகைக்குள் வளை வளையாகப் போய்ச் சேர்ந்தன.

கரடிக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. குகைக்குள்ளிருந்து யானைச் சாண நாற்றம்! வாசலில் தான் இருக்கும்போது இது எப்படி உள்ளே போனது? அவன் அவசரமாக ஊதினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கிழங்கு போதும் என்றான். ஒரு கிழங்கு போதும் என்றான். ஒன்றுமே வேண்டாம், ஊதிவிட்டுப் போகிறேன் என்றான். கடைசியில் பசி பொறுக்காமல் எழுந்து புற்றுத் தேடிப் போய்விட்டான்.

விடிந்தது. சிட்டாயி வளைக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளச்சியின் சின்னவன் காதை ஆட்டிக்கொண்டிருந்தான். கடைக்குட்டி முயல் மடியில் பால் தேடிக்கொண்டிருந்தது. சிட்டாயி ஓவென்று அழுதாள்.

அன்று பனி விலகி வெயில் வந்தது. குகையில் கூட்டம் கூடியது. எல்லாருக்கும் கோபம். கரடியை இந்தச் சரிவுக்கே வரவிடக் கூடாது என்றார்கள். வேலாண்டி எழுந்து புது உத்தரவு போட்டார்.

"இனிமே ஓட்டைமேட்டுக்குச் சூடு தர்ற உரிமை உருண்டையப்பனுக்கு மட்டும்தான். உயிரைக் காப்பாத்தினவன் அவன்தான். வேற யார்கிட்டயும் வாங்கக் கூடாது."

எல்லாரும் கைதட்டினார்கள். உருண்டையப்பனின் கொம்பு சந்தோஷத்தில் நிமிர்ந்தது. சிட்டாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கூட்டம் அவளை முறைத்தது.

"மாமா," என்றாள் அவள், "நேத்துக் கரடி உட்கார்ந்த இடத்துல இன்னைக்கு வண்டை உட்கார வைக்கிறீங்க. நல்லவன்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா எனக்குப் பழைய உருண்டையை மெழுகி வித்தவனும் இவன்தான். அன்னைக்கு நான் ஆமைகிட்டப் போனதாலதான் இவன் திருந்தினான்."

உருண்டையப்பனின் கொம்பு மெல்ல இறங்கியது.

"அப்போ கரடியை என்ன பண்றது?" என்று கேட்டார் வேலாண்டி.

"அவன் மூச்சுல சூடு இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு நாவல் மரத்தடிக்கு வரட்டும். மத்தவங்களோட மத்தவனா நின்னு விற்கட்டும். வேணும்கிறவங்க வாங்கட்டும். முதல்ல நாம பின்வாசலைத் திறக்கணும் மாமா. இனிமே எவன் எவ்வளவு சூடு தர்றேன்னாலும் அதை மட்டும் அடைக்கக் கூடாது."

பிறகு வேலாண்டி தானே முன்னால் போய்த் தன் பின்வாசலில் தண்ணீர் ஊற்றி, ஊறிய மண்ணைப் பெயர்க்கத் தொடங்கினார். சரிவுப் பக்கத்துத் தண்ணீரைக் கொண்டுவரச் சிட்டாயியின் வளைதான் குறுக்கு வழி. அன்று முழுக்க ஊரே அவள் வீட்டுக்குள் நடந்தது. கல்லான புற்றுமண் ஒவ்வொரு வளையாக விட்டுக்கொடுத்தது.

சந்தை மறுபடி கூடியது. செம்பாயியும் கீழ்க்காட்டிலிருந்து பஞ்சோடு வந்து சேர்ந்தாள். ஓரத்தில் கரடி கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தான். கூப்பிடுகிறவர்களின் பின்வாசலில் போய் ஊதித் தருவதாகச் சொன்னான். முதல் நாள் யாரும் அவன் பக்கம் போகவில்லை. மேகம் போட்ட ஒரு நாளில் சிட்டாயிதான் போனாள். கையை அவன் மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"எங்கே, அடிவயித்துலருந்து ஊது பார்ப்போம். கொட்டாவியெல்லாம் எனக்கு வேண்டாம்."

கரடி கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே அடிவயிற்றிலிருந்து ஊதினான். சிட்டாயி ஒரு கிழங்கை எடுத்து நீட்டினாள். மறுநாள் ஆமையிடம் போய்விட்டாள்.

அன்றைக்கு வெள்ளச்சியும் சந்தைக்கு வந்தாள். ஆமை ஓட்டைத் தொட்டாள். உருண்டையை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். பஞ்சை உதறினாள். சந்தையை முழுதாகச் சுற்றிவிட்டுச் சிட்டாயியிடம் வந்து நின்றாள்.

"தலை சுத்துது அக்கா."

"சுத்தட்டும்," என்றாள் சிட்டாயி. "இன்னொரு தடவை பார்த்துட்டு வா."

வெள்ளச்சி பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பேரமும் பேசினாள்.

வாங்குகிறவருக்குப் போக இன்னொரு வழி திறந்திருக்கும்வரைதான் விற்கிறவர் நியாயமாக இருப்பார். அந்த வழியைச் சுகத்துக்காக நம் கையாலேயே அடைத்துவிடக் கூடாது.